கைப்பிடி உள்ள நாற்காலி முதலில்: சரவாங்கிக்காரர்கள் கூட்டம் நடத்தும் முறை

மூட்டுகளை வீங்கவைக்கும் சரவாங்கி நோய் உள்ளவர்களுக்கான முதல் கூட்டத்தை நான் மாடியில் வைத்தேன். உறவினர் ஒருவர் சும்மா கொடுத்த ஹால். ஜமுக்காளம் விரித்து, சுக்குக் காப்பி போட்டு, வாசலில் கோலம்கூடப் போட்டிருந்தேன். 11 பேர் வந்தார்கள். 18 படி ஏறி வந்ததிலேயே பாதிப் பேருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து பேசிவிட்டு எழப் பார்த்தால் யாராலும் முடியவில்லை. ஒருவர் கை கொடுத்தார். அந்தக் கையை மற்றவர் பிடித்ததும் கொடுத்தவர் அலறினார். கடைசியில் கீழே டீக்கடையில் நின்ற பையன்கள் வந்து அக்குளில் கை கொடுத்து ஒவ்வொருவராகத் தூக்கிவிட்டார்கள். அந்த 11 பேரில் 4 பேர் அதன்பிறகு எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. பத்து வருடம் அதே நோயோடு இருந்த எனக்கே அது தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

எனக்குத் தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் தையல்கடை. 36 வயதில் வலது கை நடுவிரல் கணு வீங்கியது. ஆறு மாதத்தில் இரண்டு கையும் வீங்கி, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போனது. சீட்டில் எழுதிய பெயர் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். எங்கள் அப்பத்தா பார்த்ததும் சொன்ன பெயர் சரவாங்கி. இப்போது எனக்கு 51. கத்தரிக்கோலை மறுபடியும் பிடிக்கிறேன், வேறு விதமாக. ஐந்து வருடமாக, இந்தப் பள்ளத்தாக்கில் இதே நோய் உள்ளவர்களைச் சேர்த்து உட்காரவைத்துக் கூட்டம் நடத்துகிறோம். சொல்லித்தருகிறவர்களும் நோயாளிகள், கற்றுக்கொள்கிறவர்களும் நோயாளிகள். உங்கள் ஊரில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இடம், நேரம், நாற்காலி

தரைத்தளம். வாசலில் உயரமான படி கூடாது. கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டைப் போட்டால் முழங்கால்காரர்களுக்கு எழுவது எளிது. உட்கார்ந்து போகும் கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும். இதைக் கேட்காமல் எந்த ஹாலையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெண்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

காலை நேரம் வேண்டவே வேண்டாம். இந்த நோயின் குணமே காலையில் மூட்டு இறுகிப்போவது. ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால் ஆறு மணியிலிருந்தே போராட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான பெண்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்து இடுக்கி மலையில் ஏலத்தோட்ட வேலை. விடியுமுன் ஜீப்பில் ஏறினால் இருட்டித்தான் திரும்புவார்கள். அதனால் ஞாயிறு மதியம் 3 மணி. 5 மணிக்கு முடித்துவிடுவோம். ஆறு ஞாயிறு, அத்தோடு அந்தக் குழு முடிந்தது. பிறகு அடுத்த குழு. முடிவே இல்லாமல் மாதாமாதம் நடக்கும் கூட்டத்துக்கு முதலில் வருகிறவர் குறைவார், பிறகு நடத்துகிறவரே குறைவார்.

ஆள் 8லிருந்து 12 வரை. அதற்கு மேல் போனால் வாய் உள்ளவர் மட்டும்தான் பேசுவார்.

காப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளிம்பு வரை நிரப்பிய சூடான எவர்சில்வர் டம்ளரை எங்கள் ஆட்கள் கையில் கொடுப்பது தண்டனை. பிடியுள்ள பெரிய கோப்பையில் முக்கால் அளவு ஊற்றி, இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் குடிக்கச் சொல்லுங்கள். பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

யார் நடத்துவது

இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்கு அன்று நோய் கிளம்பிவிட்டால் மற்றவர் பார்த்துக்கொள்வார். இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற செவிலியர் 1970களின் கடைசியில் மூட்டுநோய்க்காரர்களுக்காகத் தொடங்கிய வகுப்பின் அமைப்பே இதுதான்: ஆறு வாரம், வாரம் இரண்டு மணி நேரம், மருத்துவர் அல்லாத இரண்டு பேர் நடத்துவது. பின்னால் சர்க்கரை, ஆஸ்துமா என்று மற்ற நாள்பட்ட நோய்களுக்கும் அந்த முறை போனது. இங்கிலாந்தில் 2002இல் அரசே நோயாளிகளை வைத்து இப்படி வகுப்பு நடத்தத் தொடங்கியது. எனக்கு இதைச் சொன்னவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். "நீங்கள் மாடியில் நடத்திய கூட்டத்தைத்தான் அவர்கள் கீழே நடத்தினார்கள்" என்று கேலியாகச் சொன்னார்.

என்னோடு நடத்துகிறவர் ஒரு ஜீப் ஓட்டுநர். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு வேறு நோய், முதுகெலும்பைப் பிடிக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். 24 வயதிலிருந்து பின்னிரவில் இடுப்பு வலி எழுப்பிவிடும். எழுந்து நடந்தால் குறையும், படுத்தால் கூடும். இந்தக் குணத்தை வைத்துத்தான் சாதாரண முதுகு வலியிலிருந்து அதைப் பிரித்தறிகிறார்கள். அவருக்குக் கழுத்து முழுதாகத் திரும்பாது. கம்பமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஓட்டுவதற்காக ஜீப்பில் கூடுதலாக இரண்டு கண்ணாடி மாட்டியிருக்கிறார். சரவாங்கி பெண்களுக்குத்தான் அதிகம், ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதனால் கூட்டத்துக்கு வரும் ஒன்றிரண்டு ஆண்கள் மூலையில் உட்கார்ந்து செல்போனைப் பார்ப்பார்கள். தம்பி வந்தபின் அந்த மூலை காலியானது.

நடத்துகிறவராகச் சேர்க்கக் கூடாதவர்கள் மூன்று வகை. எதையாவது விற்கிறவர், அது தைலமானாலும் சத்து மாவானாலும். தனக்கு முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்கிறவர். மூன்றாவது, நோய் கண்டு ஒரு வருடம்கூட ஆகாதவர். அவர் இன்னும் கோபத்தில் இருப்பார், அது நியாயம்தான்.

முதல் வாரம்: வலிக்கு என்ன பெயர்

முதல் ஞாயிறு முழுதும் பெயருக்கே போய்விடும், போகட்டும். எங்கள் ஊரில் எல்லாம் வாதம்தான். பக்கவாதத்துக்கும் வாதம், தேய்மானத்துக்கும் வாதம். 2006 வாக்கில் சிக்குன்குனியா வந்துபோனபின் தொடங்கிய மூட்டு வலியும் வாதம். மலைக்கு மேலே ஆயுர்வேதம் பார்த்தவர்கள் ஆமவாதம் என்பார்கள். ஆமவாதம், சரவாங்கி, முடக்குவாதம் என்று மூன்று சீட்டில் மூன்று பெயர் இருந்ததால் தனக்கு மூன்று நோய் என்று நம்பி இரண்டு வருடம் கழித்தவர் எங்களிடம் வந்திருக்கிறார்.

இதை இப்படி விளக்குவோம். தேய்மானம் என்பது கதவுக் கீல் தேய்வது போல; வேலை செய்யச் செய்ய வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். சரவாங்கி அப்படி இல்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது, நாளாக நாளாகப் பக்கத்து எலும்பையும் அரிக்கிறது. இரண்டு கையிலும் சமமாக வரும். சிறு மூட்டுகளில் தொடங்கும். காலையில் அரை மணி, ஒரு மணி, அதற்கு மேலும் இறுக்கம் இருக்கும். தொடங்கிய சில மாதங்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினால் எலும்பு அரிப்பதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே கூட்டம் நடத்தலாம். ஏனென்றால் அந்தச் சில மாதங்களைத்தான் எங்கள் ஆட்கள் எண்ணெய் தேய்த்தே கழிக்கிறார்கள். நானும் தேய்த்தேன்.

"காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம்?" என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. "எப்போதும்தான்" என்பார்கள். அதனால் கேள்வியை மாற்றினோம். எழுந்ததிலிருந்து தானே சடை பின்ன முடிகிற வரை எவ்வளவு நேரம்? ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தே முக்காலுக்கு ஜீப் வரும்போது மகளைப் பின்னச் சொல்கிறாரா, தானே பின்னிக்கொள்கிறாரா? தானே என்றால் முக்கால் மணிக்குள். ஜீப்பில் ஏறி மெட்டு தாண்டியபின்தான் பின்ன முடிகிறதென்றால் இரண்டு மணி நேரம். உடனே எல்லோரும் கணக்குச் சொல்லிவிட்டார்கள். ஆண்களுக்குச் சட்டைப் பொத்தான்.

சொற்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. குமுளியிலிருந்து வந்த ஒரு சேச்சி, "காலில் நீர் உண்டு" என்றார். மலையாளத்தில் நீர் என்றால் வீக்கம். எங்கள் பெண்கள் காலில் தண்ணீர் கோத்திருக்கிறது என்று நினைத்து, உப்பைக் குறை, பார்லி குடி என்று அரை மணி நேரம் வைத்தியம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சுவரில் பெரிய தாள் ஒட்டுகிறோம். குத்தல், குடைச்சல், கடுப்பு, இறுக்கம், எரிச்சல், மரப்பு என்று அவரவர் சொல்லும் சொல்லை எழுதி, பக்கத்தில் உடம்பில் தொட்டுக் காட்டச் சொல்கிறோம். எல்லையோர ஊர்க்காரர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள். மரப்பும் எரிச்சலும் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

வாரத்துக்கு ஒரு வாக்கு

கூட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் கடைசி அரை மணியில் ஒவ்வொருவரும் அடுத்த வாரத்துக்குள் தான் செய்யப்போகும் ஒரு சின்னக் காரியத்தைச் சொல்ல வேண்டும். அவருக்கே செய்ய ஆசை இருக்க வேண்டும். என்ன, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்று நான்கும் வர வேண்டும். "இனிமேல் நடக்கப்போகிறேன்" என்றால் ஏற்காதீர்கள். "செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு, மளிகைக்கடை வரை நடந்து திரும்புவேன்" என்றால் சரி.

பிறகு ஒரு கேள்வி: செய்துவிடுவீர்கள் என்று பத்துக்கு எத்தனை நம்பிக்கை? ஏழுக்குக் கீழே சொன்னால் காரியத்தைச் சிறிதாக்க வேண்டும். மூன்று நாளை இரண்டாக்கு, மளிகைக்கடையைப் பிள்ளையார் கோயிலாக்கு. லோரிக்கின் வகுப்பில் இதே கணக்குதான். பயிற்சி செய்தவர்களுக்குத்தான் வலி குறைந்திருக்கும் என்று அவர்கள் முதலில் எண்ணியிருக்கிறார்கள். ஆராய்ந்து பார்த்தால், யார் எவ்வளவு பயிற்சி செய்தார் என்பதைவிட, தன்னால் இந்த நோயைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை யாருக்கு வளர்ந்ததோ அவருக்குத்தான் பலன் அதிகமாகத் தெரிந்தது.

எங்கள் குழுவில் ஒரு அம்மாவுக்கு இந்தப் பத்துக் கணக்குப் பிடிபடவில்லை. 70 வயது. "பன்னிரண்டு அணா நம்பிக்கை இருக்கு தாயி" என்றார். பதினாறுக்குப் பன்னிரண்டு, அதாவது பத்துக்கு ஏழரை. எழுதிக்கொண்டேன். அதன்பிறகு எங்கள் கூட்டத்தில் எல்லோருமே அணாவில்தான் சொல்கிறார்கள், 25 வயதுப் பெண்கூட.

அடுத்த வாரம் வந்ததும் முதல் வேலை, சொன்னதைச் செய்தாயா என்று கேட்பது. செய்யவில்லையென்றால் முகம் சுளிக்காதீர்கள். என்ன தடுத்தது என்று கேளுங்கள். கேட்டதும் நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள், வட்டத்தைப் பாருங்கள். "மழை, நடக்க முடியவில்லை" என்றார் ஒருவர். ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் சாரல் விடாது. வீட்டுக்குள்ளேயே அடுப்படியிலிருந்து வாசல் வரை முப்பது தடவை நடந்ததாக இன்னொருவர் சொன்னார். அதை நான் சொல்லியிருந்தால் உபதேசம். அவர் சொன்னதால் மறுநாளே நான்கு வீட்டில் நடந்தது.

நடத்துகிறவரும் வாக்குக் கொடுக்க வேண்டும். நான் ஒருமுறை தொடர்ந்து மூன்று வாரம் தவறினேன். என்மேல் எல்லோருக்கும் பிரியம் வந்தது அப்போதுதான்.

கையால் காட்டுவது

மூன்றாவது வாரம் வாளி, ஈரத் துண்டு, குடம், மூடி இறுகிய ஊறுகாய் பாட்டில், கத்தரிக்கோல் எல்லாம் வரும். பேச்சு குறையும்.

துணி பிழிவதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். ஈரத் துண்டை இரண்டு கையாலும் எதிரெதிராக முறுக்கும்போது உங்கள் விரல்களைப் பாருங்கள். கணுக்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயும். வீங்கிய மூட்டில் இதையே வருடக்கணக்கில் செய்தால், நோய் ஏற்கெனவே தள்ளும் பக்கத்துக்கே நாமும் தள்ளுகிறோம்; விரல்கள் காற்றில் சாய்ந்த பயிர் போல ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதற்குப் பதில் துண்டைக் குழாயில் மாட்டுங்கள். இரண்டு முனையையும் சேர்த்து, உள்ளங்கை நிறையப் பிடித்து, முழங்கையிலிருந்து கையை மொத்தமாகத் திருப்புங்கள். மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். முதல் தடவை குழாயிலிருந்து துண்டு வழுக்கி என் முகத்தில் அடித்தது. சேலை, போர்வை என்றால் பிழியவே வேண்டாம். சொட்டச் சொட்டக் கொடியில் போடுங்கள், அக்கம்பக்கத்தார் பேசினால் பேசட்டும்.

மற்றதெல்லாம் அதே நியாயம்தான். சின்ன மூட்டின் வேலையைப் பெரிய மூட்டுக்குக் கொடு. பையை விரலில் தொங்கவிடாமல் முன்கையில் மாட்டு. மூடியை விரலால் திருகாமல் உள்ளங்கையால் அழுத்தித் திருப்பு. பால் பாத்திரத்தை ஒரு கைப்பிடியில் தூக்காதே, இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடு. நான் கத்தரிக்கோலின் காதில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கியிருக்கிறேன். கீழ் அலகை மேசைமேல் படுக்கவைத்தே வெட்டுகிறேன்.

ஏலக்காய் எடுப்பதற்கு எங்களிடம் நல்ல வழி இல்லை. சரம் செடியின் அடியில் தரையோடு கிடக்கும். குனிந்தோ குத்துக்காலிட்டோ ஒவ்வொரு காயாகக் கிள்ள வேண்டும், கிள்ளுவது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும். தாழ்வான முக்காலி கொண்டுபோகிறார் ஒருவர். கங்காணி முதலில் சிரித்தாராம், இப்போது விட்டுவிட்டாராம். அரை மணிக்கு ஒருமுறை கையை விரித்து நீட்டி ஒரு நிமிடம் ஆற்றிக்கொள்கிறார்கள். எடைக்குக் கூலி என்னும்போது அந்த ஒரு நிமிடத்துக்கும் விலை உண்டு என்பதை நடத்துகிறவர் மறக்கக் கூடாது. "ஓய்வெடுங்கள் அக்கா" என்று சொல்வது எளிது.

காலையில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, உள்ளேயே மூடி மூடி விரிப்பது எங்கள் எல்லோருக்கும் உதவியிருக்கிறது. மூட்டு சிவந்து கொதிக்கும் நாளில் சூடு வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ்தான் இதம் தரும்.

மாத்திரை: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: இங்கே யாரும் யாருக்கும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ சொல்வதில்லை. நான் மீறினால் தம்பி என்னை நிறுத்துவார், நிறுத்தியும் இருக்கிறார்.

ஆனால் மருந்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் ஆபத்து. உத்தமபாளையத்து மதினி ஒருவர் இரண்டாவது வாரம் வரும்போது வாயெல்லாம் புண், தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. பையைத் திறந்து பார்த்தால், சரவாங்கிக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தினமும் போட்டிருக்கிறார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மருந்து அது. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து உயிரையே வாங்கும். அன்றே தம்பி ஜீப்பில் ஏற்றி க.விலக்கு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பிழைத்துக்கொண்டார். யார் எங்கே சரியாகச் சொல்லவில்லை என்று இப்போது ஆராய்ந்து பயனில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது, "ஒரு மாத்திரை" என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

அதிலிருந்து முதல் வாரமே மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்கிறோம். மெத்தோட்ரெக்சேட் யாரிடம் இருந்தாலும் அட்டையின் பின்னால் கறுப்பு மையில் கிழமையைப் பெரிதாக எழுதுவோம், மருத்துவர் சொன்ன அதே கிழமையை. படிக்கத் தெரியாதவருக்கு அந்தக் கிழமையில் நடக்கும் ஏதாவது ஒன்றின் படம்: வெள்ளியென்றால் குத்துவிளக்கு. கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் என்ற சத்து மாத்திரை வேறு நாளில் போடுவது. இரண்டும் பார்க்கச் சின்னதாக, மஞ்சளாக ஒரே மாதிரி இருக்கலாம். நிறத்தை நம்ப வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டிய இன்னும் சில. மெத்தோட்ரெக்சேட் வேலை செய்ய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நான்காவது வாரம் "பலனில்லை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ரத்தப் பரிசோதனை முதலில் அடிக்கடி, பிறகு சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஈரலையும் ரத்த அணுக்களையும் பார்ப்பதற்கு. மது கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும். இதைக் கல்யாணமாகாத பெண்களுக்கும் கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற இன்னொரு சரவாங்கி மருந்து போடுகிறவர்களுக்குக் கண் பரிசோதனை. வீக்கத்தையும் வலியையும் சட்டென்று அடக்கும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கிக் கொதித்துக் காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே போக வேண்டும்.

இனி பொட்டலம். பெயரில்லாத பொடி, உருண்டை. மூன்றே நாளில் வலி பறந்துபோகும். முகம் நிலா மாதிரி உப்பும், சர்க்கரை ஏறும். அதில் ஸ்டீராய்டைக் கலந்திருப்பார்கள். நான் எட்டு மாதம் சாப்பிட்டேன். அந்த எட்டு மாதமும் "அக்கா, பூசினாற்போல அழகாக இருக்கிறீர்கள்" என்றார்கள். ஆயுர்வேதமோ சித்த வைத்தியமோ பார்ப்பவர்களை நாங்கள் கிண்டல் செய்வதில்லை. எல்லையைத் தாண்டினால் அதுதானே முதல் வைத்தியம். கேட்பது இரண்டுதான்: படித்துப் பதிவு பெற்ற வைத்தியரா? இந்த மருந்தைப் பற்றி அவருக்கும், அந்த மருந்தைப் பற்றி இவருக்கும் சொல்லியிருக்கிறீர்களா?

மருத்துவர் முன்னால் மூன்று நிமிடம்

ஐந்தாவது வாரம் நாடகம். தம்பிதான் மருத்துவர். என் கண்ணாடியை வாங்கி மூக்கின் நுனியில் மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் "ம், சொல்லுங்க" என்பார். மூன்று நிமிடம். முதல் தடவை எல்லோரும் "வலி தாங்க முடியவில்லை டாக்டர்" என்று தொடங்கி, மருமகள் கதையில் போய் நிற்பார்கள். இரண்டாவது தடவை இப்படி வர வேண்டும்: "காலையில் இரண்டு மணி நேரம் இறுக்கம். இரண்டு மணிக்கட்டும் வலது முழங்காலும் வீங்கியிருக்கின்றன. போன மாதம் இரண்டு வாரம் மாத்திரை போடவில்லை." மாத்திரை போடாததை மறைத்தால், மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து இன்னும் கடுமையானதை எழுதிவிட வாய்ப்புண்டு.

வாத நோய் மருத்துவர்கள் 28 மூட்டுகளைத் தொட்டு எண்ணிப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. அதைக் கூட்டத்திலேயே ஒருவரையொருவர் எண்ணப் பழக்குகிறோம். ஒரு கையில் விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணு ஐந்து, நடுக்கணு ஐந்து. கட்டைவிரலுக்கு இருக்கிற அந்த ஒன்றுதான். இரண்டு கைக்கும் 20. மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் இரண்டிரண்டு, ஆக 28. நகத்தை ஒட்டிய கணு கணக்கில் இல்லை. கணுக்காலும் பாதமும் இல்லை! மலையில் செருப்பு தேய நடக்கிறவர்களுக்குப் பாதத்தில்தான் முதல் வலி. அதனால் "செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களாகவே காலைக் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். மெட்டி இறுகியிருந்தால் அதையும். அந்தக் கணக்கில் ரத்தப் பரிசோதனையோடு, நோயாளி தன் நிலைக்குத் தானே போடும் மதிப்பெண்ணும் சேரும். "பரவாயில்லை டாக்டர்" என்று மரியாதைக்குச் சொன்னால் அந்த எண் பொய்யாகிவிடும்.

அழுகை, கத்தரிக்காய்

யாராவது அழுவார்கள். அழட்டும், யாரும் முதுகில் தட்ட வேண்டாம், தோள்பட்டை வலிக்கும். ஆனால் ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று செல்போனில் மணி வைத்துவிடுங்கள். பெருமூச்சை மட்டும் பங்கிட்டுக்கொண்டு போகும் கூட்டத்திலிருந்து வீடு திரும்பினால் வலி கூடியிருக்கும், எனக்கே நடந்திருக்கிறது. இருந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அது மூன்று நிமிட விஷயம் இல்லை. ஒருவர் அவரோடு தனியாக உட்கார வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி தமிழிலும் கிடைக்கும். நீங்களே அந்த எண்ணைப் போட்டு, போனை அவர் கையில் கொடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிய பேச்சுக்கு அரை மணிக்கு மேல் கொடுக்காதீர்கள், விட்டால் ஆறு வாரத்தையும் அதுவே தின்னும். புளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தயிர் என்று ஆளுக்கு ஒரு தடைப்பட்டியல் வைத்திருப்பார்கள். நான் 11 மாதம் கத்தரிக்காயைத் தொடவில்லை. அது கத்தரிக்காய்க்கும் தெரியவில்லை, என் விரலுக்கும் தெரியவில்லை. தனக்கு எது சேரவில்லை என்று ஒருவர் கண்டிருந்தால் விடட்டும். ஊருக்கே தடை போட வேண்டாம். பீடி, சிகரெட் மட்டும் உண்மையிலேயே இந்த நோயைக் கூட்டும், மருந்தின் பலனையும் குறைக்கும். ஆண்கள் மூலையில் அப்போது மறுபடியும் செல்போன் வெளியே வரும்.

ஆறாவது வாரம்

கடைசி வாரம் வீட்டாரில் ஒருவரைக் கூட்டிவரச் சொல்கிறோம். முதலிலேயே சொன்னால் மாமியார் எதிரில் மருமகள் வாய் திறக்கமாட்டாள். வந்தவர்களுக்கு ஒரே பயிற்சி: இரண்டு கையிலும் தடித்த தோட்டக் கையுறை மாட்டி, ஐந்து பொத்தான் சட்டையைப் போட்டுக் கழற்ற வேண்டும். ஒரு கணவர் மூன்றாவது பொத்தானில் சட்டையை விட்டெறிந்தார். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

செலவு பெரிதில்லை. காப்பி, தாள், சிலருக்குப் பஸ் டிக்கெட். வருகிறவர்கள் உண்டியலில் போடுவது போதும். மருந்துக் கம்பெனியிடமோ தைலக் கம்பெனியிடமோ ஒரு பேனாகூட வாங்காதீர்கள்.

அடுத்த குழுவை நடத்த முன்வருகிறவர் யார் என்று அன்றே கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், நீங்களாகப் பெயர் சொல்ல வேண்டாம். போன தடவை வெகுநேரம் மௌனம். பிறகு பன்னிரண்டு அணா அம்மா, "எனக்கு எழுதத் தெரியாது, பேசத் தெரியும்" என்றார். எழுதுவதற்கு அந்த 25 வயதுப் பெண்ணைச் சேர்த்துவிட்டோம்.

முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க எங்கள் ஆட்கள் எழுந்து ஓடிவருவார்கள், கண்டிப்பாகத் தடுங்கள். தம்பியின் ஜீப் ஸ்டாண்டில் நாலு பையன்களுக்கு ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு வடையும் சொல்லி வைத்திருக்கிறோம். ஐந்து மணிக்குச் சரியாக வந்து நிற்பார்கள்.